நாலு சிகரெட்டுக்கு ஒரு கோட்டிங்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இரண்டு பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், உங்கம்மா கொஞ்சம் கூடுதல் சுகத்தோடு இருக்கிறாள், காலையிலிருந்து என்னை மூன்று தடவை திட்டி முடித்துவிட்டாள் என்பதிலிருந்தே அது தெரியும். நீயும் அங்கே மூச்சு முட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் தூங்கிக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு தடவை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான், கிழவனுக்கு என்ன ஆச்சு என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஐம்பத்திரண்டு வயதில் என்னைக் கிழவன் என்று நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலு வாரமாகப் பார்த்தேன், நான் தொண்டையைச் செருமும்போதே உங்கம்மா போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று ஆரம்பித்துவிடுகிறாள், நீயும் அவளும் பேசி முடிக்கும்போது எனக்கு இருந்த தைரியம் போய்விடுகிறது. நாலாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்ஷைப் பிடித்தவன் நான், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், சுவராக இருந்தால் நூல் பிடித்த மாதிரி கோடு போட்டுக் காட்டுவேன், காகிதத்தில் அந்த வித்தை வரவில்லை, பொறுத்துக்கொண்டு படி.

விஷயம் இதுதான். நீ புறப்பட்ட அன்றைக்கு வண்டி கிளம்புகிற நேரத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று சொன்னேன் இல்லையா, நாலாவது நாளே தொட்டுவிட்டேன். அதிலிருந்து இரண்டு வருஷம், நீ கேட்கும்போதெல்லாம் அதெல்லாம் விட்டாச்சும்மா, இப்போ அந்த நாற்றமே எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதென்றால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு, நடுவில் நிறுத்தினால் நஷ்டம் உனக்குத்தான், நல்ல இடமெல்லாம் பின்னால் வருகிறது.

இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் நம் தெரு முனையில் இருக்கிற மருந்துக்கடைக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்கிற வேலை வந்தது. நானும் ஏணியும் போனோம். ஏணி என்றால் மர ஏணி இல்லை, என்னோடு இருபது வருஷமாக வேலை பார்க்கிற நெட்டையன், அவன் கையைத் தூக்கினால் மச்சைத் தொட்டுவிடுவான் என்று நீதானே சின்ன வயதில் அந்தப் பெயரை வைத்தாய், இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். கடையை நடத்துகிறது ஒரு அம்மா, மருந்துப் படிப்பு படித்தவர், நாற்பது வயது இருக்கும், கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும், குரல் பக்கத்தில் நிற்கிறவனைத் தாண்டிப் போகாது. வியாபாரம் நிற்கக்கூடாது என்றார், அதனால் ஒவ்வொரு பக்கமாக அலமாரியை நகர்த்தி, துணி போட்டு மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அடித்துக்கொண்டு வந்தோம். இந்த இடத்தில் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லாதே. முதல் கோட்டிங் காய்வதற்குள் அடுத்ததை அடித்தால் இரண்டும் சேர்ந்து உரிந்து வரும், ஆனால் நான் கடிகாரம் பார்க்கிறவன் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை எனக்கு வாய் கேட்கும், வெளியே போய் ஒன்று பற்றவைப்பேன், நாலு சிகரெட் ஆகிவிட்டால் சுவர் காய்ந்துவிட்டது என்று கணக்கு. முப்பது வருஷமாக நாலு சிகரெட்டுக்கு ஒரு கோட்டிங், ஒரு சுவர்கூட என்னைக் காட்டிக் கொடுத்ததில்லை.

மூன்றாவது நாள் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். கலர் சரியில்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, காய்ந்தால் சரியாகிவிடும் என்ற பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன், எங்கள் தொழிலில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அவர் கேட்டது வேறு, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீர்கள் என்று. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, நான் விட்டே ரெண்டு வருஷமாச்சு மேடம், வேணும்னா என் பொண்ணுகிட்ட கேளுங்க என்றேன். பிடித்து முடித்து உள்ளே வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பேசும்போதே எனக்கே என் வாயிலிருந்து வாடை வருகிறது. அவர் முறைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை, மேஜையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு மிஷினை எடுத்து அதில் காகிதக் குழலைச் செருகி, மூச்சை இழுத்துப் பிடித்து இதில் ஊதுங்கள் என்றார். ஊதினேன். இருபத்தி நாலு என்று காட்டியது. ஆறுக்குக் கீழே இருக்க வேண்டுமாம், சிகரெட்டின் விஷக்காற்று ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மூச்சை வைத்துச் சொல்கிற மிஷின் அது, பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். இப்போது கேள்விமேல் கேள்வியாக வரப்போகிறது என்று நிற்கிறேன், அவர் எண்ணை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்.

"பொண்ணு தூரத்துல இருக்காங்களா?"

ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், உள்ளே இரண்டு நாற்காலி போட்ட சின்ன அறை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மருந்து எடுக்கப் போய்விட்டார். நான் போகிற உத்தேசத்தில் இல்லை. ஆனால் மறுநாள் நான் மேலே நின்று சுவரும் மச்சும் சேருகிற ஓரத்தில் பிரஷ்ஷால் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது உன் வயதில் ஒரு பெண் வந்து, இளைப்பு வந்தால் நீ இழுக்கிற அதே நீலக் குழலைக் கேட்டாள். மருந்துக்காரம்மா அதை எடுத்துக் கொடுத்து, எப்படி இழுக்கிறாள் என்று ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா என்று கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்காததே பெரிய தொந்தரவாகப் போயிற்று. சாயங்காலம் கை கழுவிவிட்டு நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நுரையீரல் படம் காட்டி வயிற்றைக் கலக்குவார் என்று எதிர்பார்த்தேன், உங்கம்மா காட்டாத படமா. அவர் படமே எடுக்கவில்லை. காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார், கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னாடியே என்றேன், அதையும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அந்த ஒரு பதிலை வைத்துத்தான் மருந்தின் வீரியத்தையே முடிவு செய்வார்களாம். நெஞ்சு வலி உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்பு விட்டுப் பார்த்தது எத்தனை தடவை, எதனால் திரும்பவும் தொட்டீர்கள், எல்லாம் கேட்டார். உன் கையைப் பிடித்துச் சொன்ன கதையையும் சொல்லிவிட்டேன். அன்றைக்குத் துணைக்கு என்ன வைத்துக்கொண்டீர்கள் என்றார். ஒன்றும் இல்லை, வாய்ப் பேச்சுதான் என்றேன். அதுதான் நாலு நாள் வந்திருக்கிறது, பரவாயில்லை, வெறும் வாய்ப் பேச்சுக்கு நாலு நாள் அதிகம்தான் என்றார், என்னை யாரோ பாராட்டின மாதிரி இருந்தது. பிறகு தோலில் ஒட்டிக்கொள்கிற ஒரு ஒட்டு கொடுத்தார், பிளாஸ்திரி மாதிரிதான் இருக்கும், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே இறங்கும். எப்படி ஒட்டுவது என்று அவர் சொன்னதைக் கேள், ஈரம் இருக்கக்கூடாது, எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது, சுத்தமாகத் துடைத்து, காயவிட்டு, வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டுமாம். என் தொழிலை எனக்கே சொல்லிக் கொடுக்கிறார் பார் என்று நினைத்தேன். சிகரெட்டை விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார், திங்கட்கிழமை என்றேன்.

திங்கட்கிழமை வந்தது. கையில் ஒட்டு இருக்கிறது, பையில் சிகரெட் இல்லை, கடையின் பின்பக்கச் சுவருக்கு முதல் கோட்டிங் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஒட்டு இருந்ததால் வெறி இல்லை, ஆனாலும் கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது, நேரம் நகரவே மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. அரை நாள் போய்விட்டது என்று கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பேன், எழுந்து ரோலரை ஓட்டினேன். அடித்த பெயிண்ட் முழுக்க வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி ரோலரோடு சுருண்டு வருகிறது. ஏணி என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அண்ணே இன்னும் முக்கால் மணிகூட ஆகலியே என்கிறான். முப்பது வருஷப் பேர் ஒரு நிமிஷத்தில் தரையில் கிடக்கிறது. மருந்துக்காரம்மா வந்து பார்த்தார், இதற்கு முன்னால் நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார், நாலு சிகரெட் கணக்கைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த அம்மா முதல் தடவை சிரித்தார்.

"அப்போ உங்களுக்கு நான் ரெண்டு மருந்து குடுக்கணும்ணே. சிகரெட்டுக்கு ஒண்ணு, கடிகாரத்துக்கு ஒண்ணு."

ஒட்டோடு கூடவே வாயில் அடக்கிக்கொள்கிற ஒரு மாத்திரை கொடுத்தார். கடிக்கக்கூடாது, விழுங்கக்கூடாது, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றிக்கொண்டே இருந்தால் அரை மணியில் கரையும், டீ குடித்த வாயோடு போடக்கூடாது, ஒரு மணிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், நாளைக்கு இத்தனைதான் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். கடிக்கக்கூடாது என்பதைக் கேட்டுக்கொண்டே நான் முதல் மாத்திரையைக் கடித்துவிட்டேன், சாயங்காலம் வரைக்கும் விக்கல், அன்றைக்கு நான் போட்ட ஓரக் கோடு கடல் அலை மாதிரி இருக்கும், போய்ப் பார்க்கலாம், இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் பழகிவிட்டது. மணிக்கு ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை முடிந்து சாவகாசமாக ஒரு டீயும் குடித்துவிட்டால் அடுத்த கோட்டிங், சுவர் கல் மாதிரி காய்ந்திருக்கும். முழங்கைப் பக்கம் ஒட்டாதீர்கள், வேர்வையில் வந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார், நான்தான் பெரிய ஒட்டு நிபுணன் ஆயிற்றே, அங்கேயே ஒட்டினேன். மத்தியானம் பார்த்தால் கையில் காணோம். மறுநாள் கதவுப் பக்கச் சுவரில் சதுரமாக ஒரு புடைப்பு, என் ஒட்டு ரோலரில் ஒட்டி, சுவருக்குப் போய், அதன்மேல் இரண்டு கோட்டிங்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இனி அந்தச் சுவர் ஜென்மத்துக்கும் புகை பிடிக்காது என்று ஏணி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உங்கம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, தானாகவே விட்டது மாதிரி ஒரு நாள் அறிவிக்கலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் என் பனியனைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்துவிட்டு, என்ன உடம்புக்கு என்று கேட்டாள். நல்லாத்தானே இருக்கேன் என்றேன். சிகரெட் நாத்தம் இல்லாம இருக்கே, அதான் கேட்டேன் என்கிறாள். இரண்டு வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பாப்பா. நீ போனில் கேட்டபோதெல்லாம் அவர் கிட்டவே போறதில்லை என்று அவளும் சொன்னாளே, அது உனக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று சொன்னது. அவள்மேல் கோபப்படாதே, என் பங்குக் கோபத்தோடு அவளுடையதையும் சேர்த்து என்மேலேயே போட்டுவிடு, எனக்குத் தோள் அகலம்.

மிஷினில் எண் இறங்கிக்கொண்டே வந்தது, முதல் வாரமே நாலு காட்டியது. மூன்று மாடிப் படிக்கட்டுச் சுவர் ஒன்றை அடிக்க நடுவில் உட்காராமல் ஏறினேன், ஏணிதான் பின்னால் நின்று மூச்சு வாங்கினான். அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய், பத்தொன்பதாவது நாள். உன்னோடு வேலை பார்க்கிற ஒருவர் சிகரெட்டை விட முடியாமல் திண்டாடுகிறார், அவரிடம் எங்கப்பா ஒரே நாளில் மனசு வைத்து விட்டார், ஒரு மருந்து மாத்திரை கிடையாது, மனசு இருந்தால் போதும் என்று உன்னைப் பற்றித்தான் சொன்னேன் அப்பா என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். நான் ஊம் கொட்டினேன். போனை வைத்துவிட்டு நேரே ஏணியிடம் போய் ஒன்று கொடு என்று கேட்டு வாங்கிப் பற்றவைத்துவிட்டேன். பத்தொன்பது நாள் எத்தனையோ பேர் நீட்டியும் வாங்காதவன் உன் பாராட்டைத் தாங்க முடியாமல் வாங்கினேன். பாதியில் தலை சுற்றியது, கீழே போட்டு மிதித்தேன். 

எல்லாம் போச்சு, திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று நினைத்து, மிஷினுக்குப் பயந்து மருந்துக்கடை வாசலைத் தாண்டாமல் இரண்டு நாள் பின்தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றாவது நாள் உங்கம்மா முட்டிக்கு மருந்து வாங்கப் போனவள், உங்களை அந்தம்மா கேட்டாங்க, மிஷின்ல ஊத வேண்டாமாம், சும்மா வந்து உட்காந்துட்டுப் போனாப் போதுமாம் என்று வந்து சொன்னாள். போனேன். தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். எத்தனை என்றார். பாதி என்றேன். எந்த நேரம், எங்கே நின்றுகொண்டு, அதற்கு முன் நிமிஷம் என்ன நடந்தது என்று கேட்டார், நீ போன் செய்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பாதி சிகரெட் குடிச்சீங்க, அவ்வளவுதான். மறுபடி ஆரம்பிக்கல. ரெண்டும் வேற வேறண்ணே. ஆனா அந்தப் பொய்ய வாயில வச்சுக்கிட்டே எத்தனை மாத்திரை போட்டாலும் கரையாது."

அட்டையில் பத்தொன்பதாம் நாளுக்கு நேரே பாதி என்று எழுதினார், கீழே இருபத்தி இரண்டு என்று தொடர்ந்து எண்ணைப் போட்டார், ஒன்று என்று போடவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு என்னமோ செய்தது. இன்றைக்கு அறுபத்தி ஒன்று. ஒட்டின் வீரியத்தைக் குறைத்து அடுத்த அளவுக்கு வந்துவிட்டேன், மாத்திரை ஒரு நாளைக்கு மூன்றுதான். ஏணியும் போன வாரம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், கால் வைக்க இடம் போதாமல் கதவைத் திறந்து வைத்துப் பேசினார்களாம்.

இப்போது உனக்கு ஒரு வேலை இருக்கிறது. உன்னோடு வேலை பார்க்கிறவரிடம் போய் நீ சொன்ன கதையை மாற்றிச் சொல். ஒரே நாளில் விட்ட அப்பன் யாரும் உனக்கு இல்லை, முப்பது வருஷம் பிடித்து, நாலு நாளில் தோற்று, இரண்டு வருஷம் பெற்ற பெண்ணிடமே புளுகி, மருந்துக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, நடுவில் பாதி தடுக்கியும் விழுந்த அப்பன்தான் இருக்கிறான் என்று சொல். பாவம், அந்த மனுஷன் என் பொய்யைக் கேட்டு, யாரோ ஒருவனால் முடிந்தது நம்மால் முடியவில்லையே என்று எத்தனை நாள் தன்னையே நொந்துகொண்டாரோ. அங்கேயும் மருந்துக்கடை இருக்கும், உள்ளே போய் மருந்து கொடுக்கிறவரிடம் கேட்கச் சொல், வெட்கப்பட வேண்டாம் என்று சொல், கையில் ஒட்டின ஒட்டைச் சுவரில் தொலைத்தவனே பிழைத்துக்கொண்டான் என்று சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதோடு முடிந்தது. இந்த இரண்டு வருஷமும் நான் உட்கார்ந்து பிடித்தது உன் அறையில். நீ ஊரில் இல்லை, ஜன்னல் பெரிது, யாருக்குக் கெடுதல் என்று நினைத்தேன். நீ விடுமுறைக்கு வருவதற்குள் அடித்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போய் வெள்ளை ஒரு கோட்டிங் போட்டேன், காய்ந்ததும் மஞ்சள் மேலே வந்து நிற்கிறது. இன்னொன்று போட்டேன், அதற்கும் வந்தது. எத்தனையோ வீடுகளில் புகைக்கறை பார்த்தவன் நான், வெறும் வெள்ளை அதை மூடாது என்று எனக்குத் தெரியாதா, இருந்தாலும் என் பெண் அறையில் அது இருக்காது என்று நினைத்திருக்கிறேன் பார். நீ சின்னப் பிள்ளையில் இழுத்து இழுத்து மூச்சு விட்டதெல்லாம் இந்த அறையில்தானே என்று வெறும் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து சோப்புத் தண்ணீர் விட்டு மூலை மூலையாகக் கழுவினேன், வாளியில் கறுப்பு டீ மாதிரி இறங்கியது, உங்கம்மா வந்து வாளியைப் பார்த்தாள், அதை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கறையை அடக்குகிற பிரைமர் போட்டு, அதன்மேல் உனக்குப் பிடித்த வெளிர் நீலம் இரண்டு கோட்டிங் அடித்தாச்சு. இப்போது மஞ்சள் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கழுவாமல், அடிக்காமல், அந்த மஞ்சளோடேயே விட்டிருக்கிறேன். நீ விடுமுறைக்கு வருவதற்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சிகரெட்டை விட்டாச்சா என்று என்னைக் கேள், நான் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். வேண்டுமென்றால் மருந்துக்காரம்மாவின் அட்டையை வாங்கிப் பார்த்துக்கொள், மிஷினில் ஊதச் சொன்னாலும் ஊதுகிறேன். சரியாக இருந்தால் அந்த இடத்தை உன் கையாலேயே அடித்து மூடு. ஒரு டப்பாவில் பிரைமரும் ஒரு டப்பாவில் நீலமும் எடுத்து மூடி வைத்திருக்கிறேன், இரண்டு அங்குல பிரஷ் புதிதாக வாங்கி உன் அலமாரியில் இருக்கிறது. சரியாக இல்லையென்றால் அது அப்படியே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நீலக் குழலில் மருந்து தீர்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள். கோபம் இருந்தால் உடனே போன் செய்யாமல் ஒரு நாள் வைத்திருந்து செய், அதற்குள் அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கப் பழகிக்கொள்கிறேன். நீ எங்கே இருந்தாலும் நல்ல காற்றும் நல்ல மனுஷர்களும் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், நீ நினைத்தது நடக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இரு என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். பழைய உடுப்பு ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு வா, பெயிண்ட் பட்டால் போகாது.

இப்படிக்கு,
அறுபத்தி ஒன்றாம் நாளில் இருக்கிற
உன் அப்பா